கழக்கூட்டமும் இளையோர் பயிற்சியும்

திருவனந்தபுரம் நகரிலிருந்து வடக்கு நோக்கிக் கொல்லம் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது கழக்கூட்டம் என்னும் ஊர். நாஞ்சில் நாட்டாருக்கு இப்பெயர் புதியதன்று. எட்டு வீட்டுப் பிள்ளைமாருள் ஒருவராகிய கழக்கூட்டத்துப் பிள்ளையின் கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர் பலர். மார்த்தாண்ட வர்மரை எதிர்த்த அவ்வெட்டு வீடுகளும் இடிக்கப்பட்டு, அவை நின்ற இடங்களிற் குளங்கள் தோண்டப்பட்டன என்பது வழிவழி வரும் செய்தி. இன்று அவ்வூருக்குச் செல்வோர் வேறு காட்சிகளைக் காண்பர். 1990-ஆம் ஆண்டில் தோன்றிய டெக்னோபார்க் என்னும் கணிப்பொறித் தொழில் வளாகம் அங்கே விரிந்து கிடக்கிறது. அருகே கடற்கரையில் தும்பை ஏவுதளம். 1963-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் நம் நாட்டு மண்ணிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட்டு விண்ணை நோக்கிச் சென்றது அங்கிருந்துதான்.

ஆயினும், யான் ஈண்டுப் பேச எடுத்துக்கொண்ட பொருள் ராக்கெட்டும் அன்று, கணிப்பொறியும் அன்று. அவ்வூரிலே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. சைனிக் பள்ளி என்று பெயர். 1962-ஆம் ஆண்டு குடியரசுத் திருநாளன்று தொடங்கப்பெற்றது. பதின்ம வயதினராகிய பிள்ளைகளின் குணத்தைப் பள்ளிக்கூடம் வகுத்தமைக்க இயலுமா, ஊருக்கு உழைக்கும் மனத்தைப் பயிற்சியினால் ஊட்டிவிட முடியுமா என்ற வினா நம் நாட்டில் எவ்வாறு எழுந்தது, அதற்கு எத்தனை வகையான விடைகள் கூறப்பட்டன என்பதை அப்பள்ளியின் வாயிலில் நின்றபடியே நேயர்களுடன் எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

இவ்வினா தென் திருவிதாங்கூர்ப் பகுதிக்கு மிகப் பழமையானது. கன்னியாகுமரி மாவட்டத்து முன்சிறையை அடுத்துப் பார்த்திவபுரம் என்றோர் ஊர் உண்டு. கி. பி. 866-ஐ ஒட்டி, ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே ஒரு விண்ணகரம் எடுப்பித்து, அதனைச் சார்ந்து ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்பது ஈண்டு வழியைக் குறிப்பதன்று. உண்டியும் உறையுளும் தந்து கல்வி பயிற்றும் கூடம். காந்தளூர்ச் சாலையின் முறைப்படியே இதுவும் நடைபெறவேண்டும் என்றும், 95 சட்டர் தங்கிப் பயில வேண்டும் என்றும் அவன் வெளியிட்ட செப்பேடு கூறுகிறது. சட்டர் என்றால் மாணாக்கர். அச்செப்பேடு தமிழ்மொழியில் எழுதப்பட்டது. திருவிதாங்கூர்த் தொல்பொருள் ஆய்வாளராயிருந்த து. அ. கோபிநாத ராவ் அதனைப் பதிப்பித்து வெளியிட்டார்.

அச்செப்பேட்டிலே பாடங்களைக் காட்டிலும் நம் கண்ணைக் கவர்வன நடத்தை விதிகளே. ஒருவரையொருவர் பழித்துப் பேசினால் தண்டம். படைக்கலத்தோடு அவைக்கு வரலாகாது. உண்ணுமிடத்திற் சூதாடலாகாது. விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன என்றால், அவற்றை மீறிய பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்! பதினொன்றரை நூற்றாண்டுக்கு முற்பட்ட அம்மாணாக்கரும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவரே என்று அறியும்போது ஒருவகை ஆறுதலும் பிறக்கிறது. ஆனால் மற்றொன்றையும் மறைத்தலாகாது. அத்தொண்ணூற்றைவரும் வேதம் ஓதும் குலத்தாரே. சாலையைச் சூழ்ந்த வயலில் உழுதவனின் மகனுக்கு அங்கே இடமில்லை. ஒழுக்கப் பயிற்சி எவருக்கு உரியது என்னும் கேள்வியை இவ்விடத்திலேயே குறித்துக்கொள்வோம். பின்னும் அது நம்மைத் தொடர்ந்து வரும்.

இனி ஓராயிரம் ஆண்டுகளைக் கடந்து வருவோம். தென்னாப்பிரிக்காவில் போயர்ப் போர் நடந்தபொழுது, மாபெக்கிங் என்னும் சிற்றூர் 217 நாள் முற்றுகையில் கிடந்தது. அங்கே செய்தி கொண்டு செல்லவும், காயமுற்றோர்க்கு உதவவும் சிறுவர்கள் பயன்பட்டனர். ஊரைக் காத்த தளபதி பேடன் பவல் அதனை மறக்கவில்லை. 1907-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தெற்குக் கரையிலுள்ள பிரவுன்சீ என்னும் தீவுக்கு இருபதின்மர் அளவில் சிறுவர்களை அழைத்துச்சென்று பாசறை அமைத்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் உறங்கினார்கள். சாரணர் இயக்கத்தின் தொடக்கம் அதுவே. அதன் உயிர்நிலை அணிமுறையில் இருக்கிறது. ஆறு அல்லது எட்டுச் சிறுவர்கள் ஓர் அணி. அவர்களுள் ஒருவனே அணித்தலைவன். அடுப்பு மூட்டுவது முதல் வழி கண்டுபிடிப்பது வரை அவ்வணியே தீர்மானிக்கும். பெரியவர் தொலைவில் நிற்பார். ஆசிரியர் ஆணையிட மாணவன் கேட்பது என்ற பழைய பள்ளிக்கூட முறை இங்கே தலைகீழாயிற்று.

இந்தியாவுக்கு இவ்வியக்கம் 1909-லேயே வந்துவிட்டது. வந்தும் பயன் என்ன? வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்குமே அதில் இடம். கூடாரம் அடிக்கவும், குறிப்புக் காட்டிச் செய்தி அனுப்பவும் இந்தியச் சிறுவன் கற்றுக்கொண்டால் நாளை அவன் எவருக்கு எதிராக அதனைப் பயன்படுத்துவானோ என்ற அச்சம் ஆட்சியாளரை வாட்டியது. அவ்வச்சத்தைப் பொருட்படுத்தாது 1916-ஆம் ஆண்டில் சென்னையிலே இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினார் அன்னி பெசன்ட் அம்மையார். ஜார்ஜ் அருண்டேல் அவருக்குத் துணை நின்றார். தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை. ஆங்கிலப் பாட்டுக்குப் பதிலாக இந்தியப் பாட்டு. அடுத்த ஆண்டு, ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக அம்மையாரும் அருண்டேலும் காவலில் வைக்கப்பட்டார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், சிறுவர்களின் தலைப்பாகைக்குக்கூட அந்நாளில் ஓர் அரசியற் பொருள் இருந்தமை விளங்கும். 1921-ல் பேடன் பவலே சென்னைக்கு வந்தார். பெசன்ட் அம்மையாரின் சங்கம் தாய்ச் சங்கத்தோடு இணைந்தது.

வடக்கே வேறொரு கிளை தழைத்தது. மதன் மோகன் மாளவியரும், இருதயநாத் குன்ஸ்ருவும், ஸ்ரீராம் பாஜ்பாயும் சேர்ந்து சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை உருவாக்கினார்கள். அலகாபாத்தில் கும்பமேளாவுக்கு வரும் இலட்சக்கணக்கான யாத்திரிகர்களுக்கு வழிகாட்டுதல், தொலைந்த குழந்தைகளைச் சேர்ப்பித்தல், நோயுற்றோர்க்கு உதவுதல் ஆகிய பணிகளே சேவா சமிதியின் பள்ளிக்கூடம். காட்டிலே பாசறை அமைப்பதைக் காட்டிலும் கூட்டத்திலே தொண்டு செய்வதே இந்தியச் சூழலுக்கு ஏற்ற சாரணம் என்று அவர்கள் கருதினர் போலும். விடுதலைக்குப் பின், 1950-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள், பிரிந்து கிடந்த சங்கங்கள் ஒன்றுபட்டுப் பாரதச் சாரண சாரணியர் இயக்கமாயின. பெண்களின் சாரணியர் சங்கம் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதனோடு சேர்ந்தது.

இவ்விரு கிளைகளையும் யான் விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. கோழிக்கோட்டில் 1896-ல் பிறந்த ஓர் இளைஞர், சென்னையிற் பயின்றபொழுது பெசன்ட் அம்மையாரின் செல்வாக்கிற்கு ஆட்பட்டார். அம்மையாரின் தொண்டர் குழாத்தில் உறுப்பினராகிச் சாரணர் பணியில் ஈடுபட்டு, மலபாரில் அதன் பொறுப்பையும் வகித்தார். 1924-ல் அம்மையாரின் உதவியோடு இங்கிலாந்து சென்றார். அவர் பெயர் வி. கே. கிருஷ்ண மேனன். சேவா சமிதிக் கிளையிலிருந்து வந்த குன்ஸ்ருவோ, 1946-ல் அமைக்கப்பட்ட மாணவர் படைக் குழுவிற்குத் தலைவரானார். இந்த இருவரின் வழியாகவே நம் பள்ளிகளில் அணிவகுப்பு நுழைந்தது. சாரணத்தில் தொடங்கிய இருவரும் இராணுவத்தின் துணையை நாடியது வியப்பாகத் தோன்றலாம். நாடு இருந்த நிலையை எண்ணினால் வியப்பு நீங்கும். பிரிவினையின் குருதி உலராத காலம் அது.

குன்ஸ்ரு குழுவின் அறிக்கை 1947 மார்ச்சில் வந்தது. அதன் பயனாக 1948-ல் சட்டம் இயற்றப்பெற்று, அவ்வாண்டு ஜூலைத் திங்களில் தேசிய மாணவர் படை தோன்றியது. மறு ஆண்டிலேயே பெண்கள் பிரிவும் தொடங்கியது. என்.சி.சி. என்றால் அறியாதார் எவர்? காக்கி உடுப்பும், பளபளக்கும் பித்தளைப் பட்டையும், அணிவகுப்பு முடிந்தபின் கிடைக்கும் சிற்றுண்டியும் பல தலைமுறையினரின் நினைவில் தங்கியிருப்பன. 1962-ல் சீனப் போரில் நேர்ந்த தோல்விக்குப் பின், 1963-ல் கல்லூரி மாணவர்க்கு இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968-ல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. கட்டாயம் ஐந்தாண்டுகூட நிலைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இலட்சக்கணக்கானோரை ஒரேயடியாக மைதானத்தில் நிறுத்திவிட்டால், பயிற்றுவிப்போரும் போதாது, கருவிகளும் போதாது; விருப்பமின்றி நிற்கும் கால்கள் எத்துணை நேரம் நின்றாலும் அவற்றால் ஒரு குணமும் விளையாது.

இடையிலே இன்னொரு முயற்சியும் நடந்தது. இன்று அதனை நினைப்பார் அரியர். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்திற் பணியாற்றிய ஜெனரல் ஜே. கே. போன்ஸ்லே, விடுதலைக்குப் பின் மத்திய அரசில் மறுவாழ்வுத் துறைத் துணை அமைச்சரானார். தில்லியில், பிரிவினையால் வீடிழந்து வந்தவர்களின் பிள்ளைகள் தங்கியிருந்த கஸ்தூர்பா நிகேதனில், 1954-ஆம் ஆண்டு தேசிய ஒழுங்குத் திட்டம் என்பதனை அவர் தொடங்கினார். துப்பாக்கி இல்லை. உடற்பயிற்சி, பாட்டு, தூய்மை, தம்மைத் தாமே ஆளும் பழக்கம், அவ்வளவே. தந்தையை இழந்த பிள்ளைகள் சிதறிய வாழ்வை மீண்டும் கோத்துக்கொள்ள ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது. மலேயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையிற் சேர்ந்த தமிழர் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு, அப்படையின் தளபதி ஒருவர் அகதிக் குழந்தைகளிடம் வந்து நின்ற காட்சி மனத்தைத் தொடும். பின்னர் இத்தகைய திட்டங்கள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கின. ஒரே பள்ளியில் ஒரே மாணவனைச் சாரணர் ஆசிரியர் ஒருபுறமும், மாணவர் படை அலுவலர் மறுபுறமும் இழுத்தனர். இவற்றை ஒருங்கிணைக்க 1959-ல் ஒரு குழு அமைந்தது. தலைவர் யார் என்கிறீர்கள்? மீண்டும் குன்ஸ்ருதான்!

இனிக் கழக்கூட்டத்துக்குத் திரும்புவோம்.

கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராயிருந்தபொழுது ஒரு குறையைக் கண்டார். முப்படைகளின் அதிகாரிகள் பெரும்பாலும் சில மாநிலங்களிலிருந்தும், சில வகுப்புக் குடும்பங்களிலிருந்துமே வந்துகொண்டிருந்தனர். பெருஞ்செல்வர் பயிலும் பப்ளிக் ஸ்கூல் என்னும் உயர்தர விடுதிப் பள்ளிகளிற் படித்தவர்க்கே அத்தேர்வுகள் எளிதாயிருந்தன. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் அதே தரமான கல்வியைத் தந்து, தேசியப் பாதுகாப்புக் கழகத்திற்கு அவர்களைத் தகுதியுடையோராக்க வேண்டும் என்பதே சைனிக் பள்ளிகளின் நோக்கம். 1961 ஜூனில் மராட்டிய மாநிலத்துச் சதாராவில் முதற் பள்ளி பிறந்தது. ஓராண்டுக்குள் கபூர்தலா, ஜாம்நகர், சித்தோர்கர், கொருகொண்டா எனப் பல இடங்களிற் பள்ளிகள் எழுந்தன. கேரளத்தின் பள்ளி முதலிற் பாங்கோட்டு இராணுவக் குடியிருப்பில் இயங்கிப் பின்னர்க் கழக்கூட்டத்து வளாகத்துக்கு வந்தது. நம் தமிழ்நாட்டுப் பள்ளி அதே 1962-ஆம் ஆண்டு ஜூலையில் உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி நகரிலே தொடங்கிற்று. இவை யாவும் நடந்த சில திங்களிலேயே சீனப் போர் மூண்டது. மேனன் பதவி இழந்தார். அரசியலில் அவர் பெயர் இன்றளவும் வழக்காடப்படுகிறது. அவர் நட்ட பள்ளிகளோ நிழல் தந்து நிற்கின்றன.

பள்ளி நடைபெறும் முறையைச் சற்றே கூறுகிறேன். நிலமும் கட்டடமும் மாநில அரசின் பொறுப்பு. முதல்வர் முதலிய தலைமை அலுவலர்களைப் பாதுகாப்பு அமைச்சகம் படைகளிலிருந்து அனுப்புகிறது. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழைவுத் தேர்வின் மூலம் பிள்ளைகள் சேர்க்கப்படுகிறார்கள். நூற்றுக்கு 67 இடங்கள் அந்தந்த மாநிலத்தாருக்கு. எஞ்சியவை பிற மாநிலத்தாருக்கு. பட்டியல் இனத்தவர்க்கும், பழங்குடியினர்க்கும், படைவீரரின் பிள்ளைகளுக்கும் இட ஒதுக்கீடு உண்டு. பெற்றோரின் வருமானத்துக்கேற்ப மாநில அரசு உதவித்தொகை வழங்குகிறது. பிள்ளைகள் வைகறையில் எழுகிறார்கள். உடற்பயிற்சி, வகுப்பு, விளையாட்டு, மாலைப் படிப்பு என்று மணியோசையின்படி நாள் நகர்கிறது. மீன்பிடிப்பவரின் மகனும், அலுவலரின் மகனும் ஒரே உடுப்பில், ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறார்கள். பார்த்திவபுரத்துச் சாலையில் இல்லாத பெருமை இது. இப்பள்ளியிற் பயின்ற சரத் சந்த் இராணுவத் துணைத் தளபதி என்னும் உயர் பதவி வரை சென்றார். 2017, 2018-ஆம் ஆண்டுகளில் அவர் அப்பொறுப்பில் இருந்தார்.

இத்தனையும் சொன்ன பிறகு, என் மனத்திலுள்ள ஐயத்தையும் சொல்லிவிட வேண்டும். விடுதிப் பள்ளியின் மதில் பிள்ளையைக் காக்கிறது. அதே மதில் ஊரிலிருந்து அவனைப் பிரிக்கவும் செய்கிறது. பதினொரு வயதில் வீட்டை விட்டுச் சென்றவன் பதினெட்டு வயதில் திரும்பும்பொழுது, தன் தெருவிலே யார் நோயுற்றார், யார் கடன்பட்டார், எந்தக் கிணறு வற்றியது என்பதை அறியான். நாட்டின்மீது பற்று வளர்கிறது. அண்டை வீட்டின்மீது அந்த அளவு வளர்கிறதா? அதுவுமன்றி, தேர்வு எழுதிச் சிலரே உள்ளே நுழைகின்றனர். கழக்கூட்டத்தைச் சுற்றியுள்ள சாதாரணப் பள்ளிகளில் மதிய உணவு உண்டு, மாலையில் வீடு திரும்பும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு என்ன வழி?

இவ்வினாவைக் கல்வியாளர் எழுப்பாமலில்லை. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவே மாணவர்கள் மனமுவந்து நாட்டுப்பணி செய்ய வேண்டும் என்று கூறிற்று. தேஷ்முக் குழு, சையிதெய்ன் அவர்களின் ஆய்வு, கோத்தாரிக் குழு என்று கருத்துக்கு மேல் கருத்து வந்தது. முடிவில், காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-ல், செப்டம்பர்த் திங்கள் 24-ஆம் நாள், மத்தியக் கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டி. ‘எனக்கன்று, உனக்கு’ என்ற பொருளுடையது அதன் குறிக்கோள். பிற்காலத்தில் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் அது பரவியது. சிற்றூர் முகாமுக்குச் சென்று சாலை போட்ட அனுபவம் உடையவர்கள் இதனைக் கேட்டுப் புன்னகை செய்யக்கூடும். பத்து நாளில் போட்ட சாலை பதினோராம் நாள் மழையில் கரைந்த கதைகளும் உண்டு. ஆயினும் நகரத்து மாணவன் ஒருவன் குடிசையின் உட்புறத்தை வாழ்விலே முதன்முறை கண்டது அம்முகாமில்தான் என்றால், கரைந்த சாலைக்கு அது ஈடாகாதா?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்ற முயற்சி கேரளத்திலிருந்தே வந்தது. அதுவும் எதிர்பாராத திசையிலிருந்து, காவல் துறையிலிருந்து வந்தது. நீதிபதி கே. டி. தாமஸ் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையை ஏற்று, 2008-ல் கேரளத்தில் ஜனமைத்திரி என்னும் மக்கள் நட்புக் காவல் முறை தொடங்கிற்று. காவலர் தம் எல்லையிலுள்ள வீடுதோறும் சென்று பழகவேண்டும் என்பது அதன் கருத்து. வீட்டுக்குள் நுழைந்தவர்கள் பள்ளிக்கும் சென்றார்கள். ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் எனப்படும் மாணவர் காவற் பயிற்சித் திட்டம் 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள் கேரளத்திலே தோன்றியது. தொடக்கத்தில் 127 பள்ளிகள் அதில் இடம்பெற்றன. இதனை வகுத்து நடத்தியவருள் முதன்மையானவர் பி. விஜயன் என்னும் காவல் அதிகாரி. பத்தாம் வகுப்பில் ஒருமுறை தவறிக் கூலிவேலை செய்து, பின்னர்ப் படித்து அப்பதவிக்கு வந்தவர் அவர். பள்ளியில் தவறிய பிள்ளையின் மனநிலையை ஏட்டிலிருந்து அறிந்தவர் அல்லர்.

இத்திட்டத்தின் அமைப்பை நோக்குவோம். உள்துறையும் கல்வித்துறையும் கைகோத்து நடத்துகின்றன. போக்குவரத்து, வனம், மதுவிலக்கு, உள்ளாட்சி ஆகிய துறைகள் துணை நிற்கின்றன. ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பிலிருந்து 44 பேர் தெரிந்தெடுக்கப்படுகிறார்கள். பயிற்சி இரண்டு ஆண்டுகள். அப்பள்ளி ஆசிரியருள் இருவரே பொறுப்பேற்கிறார்கள். ஆண் ஒருவர், பெண் ஒருவர். அருகிலுள்ள காவல் நிலையத்திலிருந்து பயிற்றுநர் வருகிறார். உடற்பயிற்சியும் அணிவகுப்பும் உண்டு. அதன்பின் சட்டம், போக்குவரத்து விதி, போதைப் பொருளின் தீமை, சுற்றுச்சூழல் ஆகியவை பற்றி வகுப்பு. காட்டுக்குச் சென்று பாசறையில் தங்குவதும், காவல் நிலையத்துக்குச் சென்று அங்கே முறையீடு எவ்வாறு பதியப்படுகிறது என்று காண்பதும் உண்டு. வறுமையோ முதுமையோ வாட்டும் குடும்பங்களை நாடிச் சென்று உதவும் பணியும் இதனுள் அடங்கும். பயிற்சி பெற்றவன் காவலன் ஆகவேண்டும் என்ற நிபந்தனை ஒன்றும் இல்லை. காவலருக்குரிய அதிகாரம் எதுவும் அப்பிள்ளைகளுக்கு இல்லை. இந்த இரண்டும் இன்றியமையாத வரம்புகள்.

நம் ஊர்களில் காவல் நிலையத்தின் வாயிலைக் கடக்கும் பொழுதே தாயார் பிள்ளையின் கையை இறுகப் பற்றிக்கொள்வாள். அழாதே, போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போய்விடுவார் என்று சோறூட்டிய நாடு இது. அந்த நிலையத்துக்குள்ளே பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி சீருடையோடு சென்று, முதல் தகவல் அறிக்கை என்பது யாது, பெண் ஒருத்தியை எந்த நேரத்தில் நிலையத்துக்கு அழைத்தலாகாது என்றெல்லாம் கேட்டு அறிகிறாள் என்றால், அவ்வறிவு வீட்டுக்கும் செல்லும், தெருவுக்கும் செல்லும். சட்டத்தை அறியாத ஏழைக்கு அச்சமே முதற் பகை. 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபொழுது, நிவாரண நிலையங்களில் வந்து குவிந்த அரிசியையும் உடையையும் மருந்தையும் தரம் பிரித்துக் கட்டி அனுப்பிய கைகளில் இம்மாணவரின் கைகளும் இருந்தன.

அதே 2018-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21-ஆம் நாள், மத்திய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் குருகிராமத்தில் இத்திட்டத்தை நாடு தழுவியதாகத் தொடங்கிவைத்தார். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களே அங்கும் குறி. தென்கோடியில் முளைத்தது வடக்கே படர்ந்தது.

குறை கூறுவோரும் உளர். அவர்கள் கூற்றைப் புறந்தள்ளல் கூடாது. பள்ளிக்குள் காக்கி நுழைவது நன்றா என்று வினவுவர். குணப்பயிற்சி என்ற பெயரில் கீழ்ப்படிதல் ஒன்றையே கற்பித்துவிடும் இடர் உண்மையிலேயே இருக்கிறது. அணிவகுப்பை அளப்பது எளிது. கால்கள் ஒன்றாக எழுந்தனவா என்பது கண்ணுக்குத் தெரியும். வகுப்பில் ஏளனத்துக்கு ஆளாகும் தோழன் பக்கத்திலே போய் அமர்ந்தானா என்பதை எவர் அளப்பார்? ஆகவே, அளக்க எளியதற்கே பள்ளிகள் மதிப்பளிக்கின்றன. சுதந்திர தினத்தன்று ஆட்சித் தலைவர் முன்னிலையில் அணிவகுத்தல் என்றால் ஒருமாதம் வெயிலில் நிற்கவைப்பர். முதியோர் இல்லத்துக்குச் செல்லும் நாளோ, தேர்வு நெருங்கினால் முதலில் விடப்படும். யான் கண்டவரையில் இது ஒரு திட்டத்துக்கு மட்டும் உரிய நோய் அன்று. சாரணத்துக்கும் இது நேர்ந்தது, மாணவர் படைக்கும் நேர்ந்தது.

சீருடையைப் பற்றியும் ஒரு வழக்கு எழுந்தது. கேரளத்து மாணவி ஒருத்தி, தன் சமய வழக்கப்படி தலையை மறைக்கும் துணியும் முழுக்கைச் சட்டையும் இப்பயிற்சியில் அணிந்துகொள்ள இசைவு வேண்டினாள். உயர்நீதிமன்றம் அரசை அணுகுமாறு கூறிற்று. சமய அடையாளம் சீருடையிற் கலத்தல் இயலாது என்று 2022 சனவரியில் அரசு விடை அளித்தது. ஒரே சீருடை வேற்றுமையை மறைத்து எல்லாரையும் சமமாக்குகிறது என்பார் ஒரு சாரார். அதனாலேயே ஒரு பெண் விலகி நிற்க நேர்ந்தால் அச்சமன்பாடு எத்தகையது என்பார் மற்றொரு சாரார். 1916-ல் பெசன்ட் அம்மையார் தொப்பியை நீக்கித் தலைப்பாகை சூட்டியதை ஈண்டு நினைவுகூர்வது பொருந்தும். தலையில் எது இருக்கவேண்டும் என்ற வினா, இவ்வியக்கங்கள் நம் நாட்டில் தோன்றிய நாள்தொட்டே தீராதிருக்கிறது.

தெரிந்தெடுத்தல் பற்றிய சிக்கலும் உண்டு. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பயிலும் ஒரு பள்ளியில் 44 பேர் என்றால், எஞ்சியவர் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவரே. நன்கு ஓடுபவனும், நன்கு எழுதுபவனும் எளிதிற் சேர்ந்துவிடுவர். கூச்சமுள்ளவன், வீட்டிலே குடிகாரத் தந்தையிடம் அடிபட்டு வகுப்பிற் பின்வரிசையில் அமர்பவன், உண்மையில் எவனுக்கு இப்பயிற்சி மிகுதியும் தேவையோ அவன், தேர்வில் விடுபட்டுப் போவான். பார்த்திவபுரத்தின் 95 சட்டரும், கழக்கூட்டத்தின் நுழைவுத் தேர்வும், இந்த 44-உம் வெவ்வேறு காலத்தன, வெவ்வேறு நீதியின்பாற்பட்டன. எனினும், உள்ளே சிலர், வெளியே பலர் என்னும் அமைப்பு மூன்றிலும் உளது. பயிற்சி பெற்றவர் ஒவ்வொருவரும் தம் வகுப்பிலுள்ள பத்துப்பேரைச் சேர்த்துக்கொண்டு பணிசெய்யும் பள்ளிகளில் இக்குறை ஓரளவு தணியக்கூடும். அது பொறுப்பேற்ற ஆசிரியரைப் பொறுத்தது. அந்த ஆசிரியருக்கோ பாடவேளை குறைவதில்லை, விடைத்தாள் குறைவதில்லை. காலையில் மற்றவருக்கு முன்னே வந்து மாலையில் மற்றவருக்குப் பின்னே செல்கிறார்.

ஒரு பொருளில் மட்டும் புதிய திட்டம் பழைய பள்ளிக்கு வழிகாட்டியாய் முந்திக்கொண்டது. கழக்கூட்டத்துச் சைனிக் பள்ளியில் 1962 முதல் அறுபது ஆண்டளவும் ஆண்பிள்ளைகளே பயின்றனர். 2018-ல் மிசோரம் மாநிலத்துச் சிங்சிப் பள்ளியில் சோதனையாகப் பெண்களைச் சேர்த்து, அதன் பயனைக் கண்டபின், 2021-22 கல்வியாண்டு முதல் எல்லாச் சைனிக் பள்ளிகளும் அவர்களுக்குத் திறக்கப்பட்டன. அவ்வாண்டு கழக்கூட்டத்து ஆறாம் வகுப்பில் பத்துப் பெண்பிள்ளைகள் சேர்ந்தனர். அவருள் பீகாரிலிருந்து வந்தவரும் உண்டு. மாணவர் காவற் பயிற்சித் திட்டத்தின் 44 இடங்களிலோ, தொடக்கந்தொட்டே 22 பெண்களுக்கு உரியவை.